வராத நாட்கள்

வவுனிக்குளத்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்
பாம்பு கடித்தால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள்.
பிறகுதான் மல்லாவி ஆஸ்பத்திரி.
பிழை என்று நானே சொல்லியிருக்கிறேன்.
கேட்கமாட்டார்கள்.
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் கிடத்தி
மாட்டு ஒழுங்கையால் லைட் இல்லாமல் வருவார்கள்.

மருந்து ஒன்றும் இல்லை என்னிடம்.
பல் பட்ட இடத்தில் உள்ளங்கையை வைப்பேன்.
முழங்கைவரை கடுத்து ஏறும்,
தோளில் நின்று யோசிக்கும்,
பிறகு இல்லை.
வந்தவர் எழும்பித் தேத்தண்ணி கேட்பார்.

எங்கே போகிறது என்று
பன்னிரண்டு வயதில் கேட்டேன்.
"பெத்தவளிட்ட" என்றா அம்மா,
அரிசி புடைத்தபடி, நிமிராமல்.
அன்றிரவே தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு
பாயில் சுருண்டு முனகினா.
இனி ஒருத்தரையும் தொடமாட்டன் என்று அழுதேன்.
"விசர்க்கதை கதையாதை. எனக்குப் பழகிட்டுது."

பத்து வருசம் அப்படி முனகினா.

போன ஒக்டோபரில் உயிலங்குளத்து ஆள் ஒருவர்,
கண்ணாடிப் புடையன்,
கால் தொடைவரை கறுத்திருந்தது.
அவரை அனுப்பிவிட்டு வந்து
அம்மாவின் நெற்றியில் புறங்கையை வைத்தேன்.
மண்குடத்தின் அடிவயிறு மாதிரிக்
குளிர்ந்து கிடந்தது.
முனகல் மட்டும் சரியாக இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.
முகத்தைச் சுளித்துக் குடித்தா,
காய்ச்சல்காரி குடிக்கிற மாதிரியே.

மாசியில் புது அரிசியோடு கிளிநொச்சிக்குப் போனேன்,
கிருபா சின்னம்மாவிடம்.
கார்மெண்ட்டில் கொலர் தைக்கிறா.
கலியாணம் கட்டாதவ. எங்கள் வீட்டுக்கு வராதவ.
எங்கே கண்டாலும் என் முகத்தை விட்டுவிட்டு
கைகளைப் பார்க்கிறவ.
அவ குளிக்கப் போன நேரம்
மேசையில் கிடந்த பைலில் வரவுக் கார்ட், போன வருசத்தது.
சிவப்புப் பேனையால் வட்டங்கள்.
வராத நாட்கள்.
ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் சம்பள வெட்டு.

ஜனவரி ஒன்பது: சிவபாதத்தார், எண்ணெய் விரியன்.
மார்ச் இருபத்திரண்டு: வைக்கோல் கட்டிய பெடியன்.
மே நாலும் ஆறும்: ஒரே வீட்டில் இரண்டு பேர்.
ஒக்டோபரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல்.
வந்தவர்களை எழுதிவைக்கும் என் சீ.ஆர். கொப்பி
எனக்கு மனப்பாடம்.
கூலி வாங்காத என் கைக்கு
யாருடைய கூலி போனது என்று
கார்ட்டில் தொகை போட்டிருந்தது.

அதற்கும் அடியில் ஒரு படம்.
பத்தொன்பது வயது, கட்டைத் தலைமயிர்,
பெரிய சேட்டு, அதற்குள்
எதையோ ஒளித்த மாதிரி வயிறு.
பின்னால் ஒரு தேதி. நான் பிறக்க
இரண்டு மாதம் இருந்தது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவ
என் கையைப் பார்த்தா. கையிலிருந்ததைப் பார்த்தா.
"கறி அடிப்பிடிக்குது, இறக்கன்" என்றா.
இறக்கினேன்.

பிறகு எட்டு மாதம்
வந்தவர்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.
தலைக்கனம் என்றார்கள்.
அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
துவாயைத் தோய்த்துக் காயப்போட்டபடியே இருந்தா.

நேற்றிரவு குளம் வான் பாய்ந்தது.
மல்லாவி ரோட்டில் பாலத்துக்கு மேலால் தண்ணி.
வாசலில் நனைந்த ஒரு தகப்பன்,
தோளில் பிள்ளை, கண் இமை சரிய.
அம்மா கொடியில் துவாயைத் தேடினா.
"வேண்டாம் அம்மா."
அவவின் கை நின்றது.
துவாயை எடுத்து மடித்தா.
மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தா.

போன் இரண்டாம் மணியில் எடுபட்டது.
"ஒரு ஆள் வந்திருக்கு."
"எத்தினை வயசு?"
"ஆறு."
"என்ன பாம்பு?"
"புடையன்."

அந்தப் பக்கம் கதிரை ஒன்று இழுபட்டது.
"நாளைக்கு சிப்ட் இருக்கு" என்றா, தனக்கே சொல்வதுபோல்.
மழைக்குள் அவவின் மூச்சு கேட்டது.

"பொறு, பாயை விரிக்கிறன்."

"ம்.
இப்ப கையை வை, பிள்ளை."