பொன் முளை

மைனஸ் இருபத்தாறு.
மூன்றாவது பேட்டரியும் செத்தது.
தென் கோபியில், கடைசி மின்கம்பம் தாண்டி
தொண்ணூறு கிலோமீட்டர்.
முக்காலியின் மேல் கேமரா,
சொல்ல வந்ததை மறந்தவன்போல.

செவெல்மா கையை நீட்டினாள்.
மிச்சமிருந்த இரண்டையும் வாங்கி
தேல் அங்கிக்குள், கம்பளிகளுக்கும் உள்ளே,
அக்குளில் செருகிக்கொண்டாள்.
போன வாரம் அந்த இடத்தில்
குறைமாதத்து ஆட்டுக்குட்டி ஒன்று இருந்ததாம்.
"அது பிழைத்துவிட்டது" என்றாள்,
பேட்டரிக்கு உத்தரவாதம் தருவதுபோல.

ஒன்று திரும்பி வந்தது
சூடாக, ஆட்டு வாடையோடு.

நாற்பது நிமிடம் திறந்திருக்கும்,
குறுக்கே வரவேண்டாம் என்று
என் அரைகுறை மங்கோலியனில் சொல்லியிருந்தேன்.
சரியென்று தலையாட்டியவள்
ஒட்டகங்களைப் பார்க்க நான்கு முறை
சட்டகத்துக்குள் நடந்தாள்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
எரிச்சல்தான்.
கால்விரல்கள் எங்கே என்று தெரியாதவனின் எரிச்சல்.

படம் வந்தது. இருவரும் குனிந்தோம்.
எங்கள் மூச்சு திரையில் உறைந்தது;
நகத்தால் சுரண்டினேன்.

"நான் எங்கே?"
நகர்பவர்கள் விழமாட்டார்கள் என்றேன்.
"இந்தக் கிழட்டு ஒட்டகம் விழுந்திருக்கிறதே."
அது படுத்தே கிடந்தது.
அசைபோட்ட வாய் மட்டும் கலங்கல்.
"நட்சத்திரங்களும் நகர்ந்தனவே?"
அவற்றுக்குச் சொந்த வெளிச்சம் உண்டு
என்ற பதில் நாக்குவரை வந்தது.
அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவள் அதற்குள் வேறெங்கோ போயிருந்தாள்.
மூடாத வட்டங்களின் நடுவே
நகராத ஒற்றைப் புள்ளியில் விரல் வைத்து
"அல்தன் கதஸ்" என்றாள்.
பொன் முளை.
குதிரை கட்டுகிற முளைதான்.
பிறகு ஒவ்வொரு கோடாக,
விலைக்கு வந்த மந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்து,
"கயிறு தாராளமாகத்தான் விட்டிருக்கிறார்கள்.
ஒன்றும் சிக்கிக்கொள்ளவில்லை."

இரண்டாவது பேட்டரி. இன்னொரு நாற்பது நிமிடம்.
இந்த முறை அசையமாட்டேன் என்று
ஒட்டகத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.
பத்து நிமிடம் தாங்கியிருப்பாள்.
தீக்குச்சி உரசும் சத்தம்.
வாயைத் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.

ஊர் திரும்பி, கணினியில்
பதினொரு செயற்கைக்கோள் கோடுகளை அழித்தேன்.
ஒரு விமானத்தையும்.
கீழே, ஒட்டகத்தின் கழுத்தருகே
சிவப்பாய் ஒரு நூல்:
முழங்காலிலிருந்து வாய்க்கு,
வாயிலிருந்து முழங்காலுக்கு.
அவள் புகை இழுத்த இடங்களில்
கொஞ்சம் தடித்து.