திங்கள் மாலைக்குள்

நிபால்டோ இரண்டையும் கொடுத்துவிட்டான்.
"திங்கள் மாலைக்குள் ஒன்றைத் திருப்பித் தா,
மற்றதற்குப் பணம் தா."
வாயில் சூடான எம்பனாடா.
அதற்குமேல் அவன் பேசவில்லை.

ஒன்று முப்பத்தைந்து மில்லிமீட்டர், பிரைம்.
உள்ளங்கையில் ஓர் எலுமிச்சையின் கனம்.
மற்றது ஜூம்,
பதினெட்டில் தொடங்கி இருநூறு வரை.
நான் குனிந்தால்
தன் எடைக்கே கழுத்து நழுவி
நீண்டுவிடும்.

வால்பரைசோ துறைமுகத்தில்
கண்டெய்னர் எடை குறிக்கிறவன் நான்.
ஐந்து நாள் எண்கள்.
மிச்ச இரண்டு நாள்
யாரும் கேட்காத படங்கள்.
யஸ்னா மட்டும் பார்ப்பாள்.
"இதில் நான் எதைப் பார்க்கணும்?"
கேலியில்லை, நிஜமாகவே கேட்பாள்.

சனிக்கிழமை, ஜூம்.
பரோன் குன்றின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி
எதிர்க்குன்றின் கொடியில் காயும் சட்டைகள்,
நங்கூரத்துத் துரு,
மீன் குடலுக்குச் சண்டையிடும் பெலிகன்கள்,
பால்கனியில் முகம் மழிக்கிற ஒருவன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு படம்.
ஓரடி நகரவில்லை.
இடது கால் மரத்துப்போயிருந்தது.
மழித்துக்கொண்டிருந்தவன் ஒருமுறை
கத்தியை நிறுத்தி இந்தப் பக்கம் பார்த்தான்.
என்னையா, கடலையா,
தெரியவில்லை.
கேமராவை இறக்கிவிட்டேன்.

ஞாயிறு, பிரைம்.
படிக்கட்டுச் சந்தில் மஞ்சள் தகர வீடு,
ஜன்னலில் ஒரு நாய்.
வீடு முழுசாக அடங்கவில்லை.
ஒரு படி பின்னால் போனேன்.
அடங்கவில்லை.
இன்னும் ஒரு படி.
முதுகில் இடித்தது சுவரல்ல, கதவு.
கதவு திறந்தது.

எலியேசர். டிராலி பஸ் ஓட்டுகிறவன்.
கையில் ஈரத் துடைப்பம், காலில் செருப்பில்லை.
"என்ன வேணும்?"
உங்கள் ஜன்னல், என்றேன்.
சிரிக்காமல் யோசித்தான்.
வெங்காயக் கூடையைத் தள்ளி இடம் விட்டான்.

அங்கிருந்தும் வீடு அடங்கவில்லை.
பதிலுக்கு உள்ளே வந்தவை:
ஜன்னல் சட்டம்,
கொதிக்கிற கெட்டில்,
"அதோ நாய், அதோ நாய்" என்று காட்டிய
அவன் கட்டைவிரல்.
பதினோரு வருடமாக விற்பனைக்குக் கிடக்கிற வீடாம்.
நாய் யாருடையது என்று அவனுக்கும் தெரியாதாம்.
இருபத்து நான்கு படம். ஏழு ஆடிப்போனவை.
ஒரு கோப்பை டீ.

இறங்கி வரும்போது கப்பல் ஒன்று கிளம்பியது.
பின்தளத்தில் ஒருவன்
கரையில் யாருக்கோ கையசைத்தான்.
என் சதுரத்தில் அவன் இல்லவே இல்லை,
கப்பலே ஓர் அரிசி.
காலே ஜூம் என்று சொன்னவன்
கரையோர ஊரில் பிறந்திருக்க முடியாது.
கடலில் எத்தனை அடி முன்னால் வைப்பது?

ராத்திரி யஸ்னா பார்த்தாள்.
பெலிகன்களைத் தள்ளினாள், நங்கூரத்தைத் தள்ளினாள்.
மழித்தவனிடம் நின்று,
"பாவம், காதுக்குக் கீழே நுரை" என்றாள்.
அப்புறம் கெட்டில்.
"இது யார் வீடு?"

அவள் இப்படிக் கேட்டதேயில்லை.

இரண்டு விரலால் திரையை இழுத்து
கெட்டிலின் வயிற்றைப் பெரிதாக்கினாள்.
அங்கே, வளைந்துபோய்,
வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில்
மண்டியிட்டு நான்.

திங்கள். வேலைக்கு நடுவே
யாரும் பார்க்காதபோது
இரண்டு லென்ஸையும் எடைமேடையில் வைத்தேன்.
லாரிகளை நிறுக்கிற மேடை.
பூஜ்யம் என்றது, இரண்டுக்கும் சேர்த்து.

மாலையில் ஜூமைத் திருப்பிக் கொடுத்தேன்.
"ஏதாவது கோளாறா?" என்றான் நிபால்டோ,
நோட்டுகளை எண்ணிக்கொண்டே.
இல்லை, எல்லாம் தெரிந்தது, என்றேன்.

வெளியே வந்தால், சங்கூதி
இன்னொரு கப்பல் கிளம்புகிறது.
நின்றேன்.
அரிசி அளவில்
அதை எடுத்துக்கொண்டேன்.