மேல்பக்கம் கொட்டும் கலப்பை

வெலிமடைக் கடையில் மூன்று கலப்பைகள்
சுவரில் சாய்ந்து நின்றன.
தட்டுக் கலப்பை, பெயின்ட் உரியாதது.
பக்கத்தில் ரோட்டரி, பல் நிறைய.
மூன்றாவதற்கு மூலையில் இடம்,
விலைச்சீட்டில் தூசி.

ரத்நாயக்க முதலாளி ரோட்டரியைத் தட்டினார்:
"மண்ணை மாவாக்கும், தங்கச்சி."
குவைத்தில் ஆறு வருஷம்
இன்னொருத்தி வீட்டு மாவைச் சலித்தவள் நான்.
ஊதினால் போய்விடும் என்று தெரியும்.
எங்கள் துண்டோ சரிவில் கிடக்கிறது,
முதல் மழைக்கே கான் நிறைய
மண் இறங்கி ஓடும்.

கொழுந்தன் யோகநாதனுக்குத் தட்டுக் கலப்பைமேல் கண்.
"பெருசா இருந்தாத்தான் ஆழமா போகும், அண்ணி."
எங்கள் மெசினுக்கு ஏழு குதிரைச் சக்தி,
அதுவும் ராகலையில் ஒருவர் பாவித்துக் கழித்தது.
மூடியில் ஒட்டிய முருகனில்
வேல் மட்டும் மிச்சம்.
பின்னால் பாரம் கூடினால்
மேட்டில் மூக்கைத் தூக்கும்.
தூக்கினால் யார் பிடிப்பது,
நீயா, வேலா?

அதோடு,
எவ்வளவு ஆழம் வேண்டும் என்று
முதல் நாளே குழி தோண்டிப் பார்த்திருந்தேன்.
ஒரு சாண் கறுப்பு.
கீழே மஞ்சள், அதற்கும் கீழே
மண்வெட்டி சத்தம் போடும் கல்.
மஞ்சளை மேலே கொண்டுவந்தால்
லீக்ஸ் ஊசி மாதிரி நிற்கும்.
அந்த ஒரு சாண்தான் நமக்கு.
தோட்டத்துக் கணக்கில் இந்த அரை ஏக்கர்
இன்னும் தேயிலை;
எந்தத் தாளிலும் எங்கள் பெயர் இல்லை.
மண்ணாவது இருக்கட்டும்.

மூலையில் இருந்ததை இழுத்துப் பார்த்தேன்.
ஒற்றைக் கொழு, ஒரு பிடி.
பிடியைத் தட்டினால் பலகை
வலமிருந்து இடம் திரும்புகிறது.
போகும்போது வலப்பக்கம் கொட்டும்,
வரும்போது இடப்பக்கம்.
சரிவில் குறுக்காக ஓட்டினால்
இரண்டு தடவையும் மேல்பக்கம்.
இதை முதலாளியிடம் சொல்லவில்லை.
தூசியைக் காட்டி
இரண்டாயிரம் குறைத்தேன்.

உச்சியிலிருந்து தொடங்கினோம்.
நாலு அங்குலத்துக்குத் திருகை இறுக்கி
யோகன் பிடித்தான், நான் முன்னால் கல் பொறுக்கினேன்.
முதல் சால் பாம்பு.
இரண்டாவது அதைவிட மோசம்.
ஐந்தாவதில் கயிறு பிடித்த மாதிரி வந்தது,
கறுப்பு மண் புரண்டு
மேலே ஏறிப் படுத்தது,
மலையேறிப் பழகியதுபோல.

பிறகு டக்கென்று ஒரு சத்தம்.
தேயிலையைப் பிடுங்கினார்கள், சரி,
வேரைக் கேட்டுப் பிடுங்கவில்லை.
எத்தனையோ வருஷம் செத்த வேர்
கொழுவைக் கவ்விக்கொண்டது.
உடைவதற்கென்றே போட்ட ஆணி
இரண்டாகிக் கிடந்தது.
யோகன் கம்பித் துண்டொன்றைத் தேடி வந்தான்,
"இது உடையாது."
உடையாது. கம்பி நிற்கும்,
கியர்பெட்டி போகும்.
அவனைத் திரும்பக் கடைக்கு அனுப்பினேன்,
ஆணி பத்து வாங்கிவரச் சொல்லி.
அவன் வரும்வரை வேரை வெட்டினேன்.
உள்ளே இன்னும் சிவப்பு.

ஐப்பசி மழை மூன்று இரவு.
நாலாம் நாள் காலை
கீழ்த்துண்டுப் பியசேன வேலியோரம் வந்து நின்றார்,
கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.
வருஷா வருஷம் எங்கள் கறுப்பு மண்
அவருடைய கரட் பாத்தியில்தான் போய் உட்காரும்.
அவரும் கேட்டதில்லை,
நாங்களும் கொடுத்ததில்லை.

"இந்த முறை மண் வரல்ல, நங்கி."
"அனுப்பல்ல, ஐயா."

சிரித்தாரா என்று தெரியவில்லை.
சாலைப் பார்த்தார். கலப்பையைப் பார்த்தார்.
குனிந்து பலகையை ஒருமுறை
இப்படியும் அப்படியும் திருப்பினார்.
அவர் நிலமும் சரிவுதான்,
அதற்குக் கீழே உமா ஓயா.
ஓயா யாருக்கும் திருப்பித் தருவதில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்றார்.
சொன்னேன்.
டீசல் பாதி. ஆணி அவர் செலவு.