வகுத்த பின் மீதி

ஜனவரி முப்பது. பார்மத்தில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
சமையலறை மேசையில் ரசீதுகள்:
பியானோ கம்பி, கம்பளித் துண்டு, பெட்ரோல்,
ஹார்லெக் தேவாலயத்துக்கு இரண்டு தடவை போய்வந்த மைல்கள்.
சுருதி சேர்ப்பவளின் வருஷம்
ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

வருமானம் எழுதியாயிற்று. செலவு எழுதியாயிற்று.
அடுத்த கட்டம் கேட்கிறது:
வங்கி வட்டி உண்டா?
கூட்டுக் கணக்கென்றால் உங்கள் பங்கு மட்டும்.

என் பங்கு மட்டும்.
மெய்ரிக் ஸ்வான்சீக்குப் போய் நான்கு வருஷம்.
நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டோம்.
நாயை அவன் தங்கை கூட்டிப்போனாள்.
இந்தக் கணக்கை மட்டும் மூடவில்லை.
மூட இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும்;
சேர்ந்து போகிறவர்கள் எதற்கு மூடப்போகிறார்கள்?
பிறகு அந்தக் கிளையே மூடிவிட்டது.
அங்கே இப்போது அலைச்சறுக்குப் பலகை
வாடகைக்கு விடுகிறார்கள்.

கணக்குக்கு நாங்கள் வைத்த பெயர் 'படகு'.
செல்போனில் இன்னும் அப்படித்தான் வருகிறது:
படகு, இருப்பு இவ்வளவு.
படகு வாங்கவில்லை.
முதலுக்கு மோசமில்லை என்று
எங்களில் இந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

வருஷத்துக்கு ஒரு முறை அழைப்பேன்.
இருவரும் ஒரே எண்ணை எழுத வேண்டும் அல்லவா.
போன தடவை,
"தொண்ணூற்று நான்கு."
"தொண்ணூற்று நான்கு."
அங்கே மழையா? இங்கேயும்.
வைத்துவிட்டோம்.

இந்த வருஷம் மொத்த வட்டி
முந்நூற்றுப் பதினொரு பவுண்டு நாற்பத்தேழு பென்ஸ்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
இவ்வளவு குட்டி போட்டால்
தாய் பெருத்திருக்க வேண்டும்.
தேடினேன்: ஏப்ரல் ஏழு, மூவாயிரம், அவன் பெயரில்.
வரி வருஷம் பிறந்த மறுநாள்.
குறிப்பு என்ற இடத்தில் ஒரு புள்ளி.

நான் போடாத பணம் ஈன்றதில்
பாதியை என்னுடையது என்று எப்படி எழுதுவது?
வரி என்று பார்த்தால் ஒரு காசும் இல்லை,
இந்த அளவுக்கு விலக்கு உண்டு.
கட்ட வேண்டாம், சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.
கட்டுவதே சுலபமாக இருந்திருக்கும்.

அழைத்தேன்.
"மூவாயிரம்," என்றேன்.
"பாதி உன்னுடையது. படிவம் அப்படித்தான் சொல்கிறது."
"படிவம் படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

ஒரே சுரத்துக்கு இழுத்த இரண்டு கம்பிகள்
மயிரிழை விலகியிருந்தால் ஓசை மெல்ல அலையடிக்கும்.
அந்த அலைகளை எண்ணித்தான் பிழைக்கிறேன்.
அவன் பேசாதிருந்தபோது
ஏழு எண்ணினேன்.

"நூற்று ஐம்பத்தைந்து," என்றான்.
"நூற்று ஐம்பத்தைந்து."

சில்லறையை விட்டுவிடலாம், விதி இடம் தருகிறது.
அவன் விட்டதும் நான் விட்டதும் சேர்ந்து
ஒரு பவுண்டு நாற்பத்தேழு,
யார் படிவத்திலும் ஏறாமல் மிதக்கிறது.
எந்தப் பியானோவிலும் இப்படி ஒரு மீதி உண்டு:
எவ்வளவு சுத்தமாக வகுத்தாலும் கடைசியில் கொஞ்சம் இடிக்கும்.
அதை எல்லாக் கட்டைகளுக்கும் துளித்துளியாகப் பங்கிட்டு
காதுக்குத் தெரியாமல் செய்யக் கூலி வாங்குகிறேன்.
இதை அப்படியே விட்டேன்.

கடைசிப் பக்கம்:
என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை
இது முழுமையானது, சரியானது.
அறிவுக்குச் சரி.
மற்றச் சொல்லின் மேல் சுட்டி கொஞ்ச நேரம் நின்றது.

அனுப்பிவிட்டேன்.
பிறகு, பதினாறடிப் படகு
இப்போது என்ன விலை என்று பார்த்தேன்.
சும்மாதான்.