கேள்வி எண் பதினேழு

சஜாவில் மூன்றாம் பிளாக், அறை இருபத்தாறு.
ஒரே ஆளை
முறை மாற்றி முறை மாற்றிக் கேட்டுப் பார்க்கும் திட்டம்.
படிவத்துக்கு ஏழு திர்ஹாம் எனக்கு.

பதினேழாம் கேள்வி:
இங்குள்ள வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.

அஞ்சு, என்றார் செவத்தையா.
கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான் கேம்ப் பாஸ்.
அஞ்சைச் சொல்லும்போது அவர் பார்த்தது
என்னை இல்லை,
அந்தப் பல்குச்சியை.

அடுத்த மாதம் போன்.
தேரா அலுவலகத்தில் இருந்து ரெஜினா கேட்டாள்.
அவளிடம் நாலு என்றார்.
வேலை, சூப்பர்வைசர் என்றார்.
வயதில் ஆறைக் குறைத்துக்கொண்டார்.
பின்னால் யாரோ கத்தினார்களாம்,
தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு என்று.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை என்றாள்.

பிறகு டேப்லெட்.
யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, அதுதான் விதி.
அழுவதிலிருந்து சிரிப்பது வரை
வரிசையாக ஐந்து மஞ்சள் முகங்கள்.
சிமெண்ட் தின்ற விரல்
திரைக்குத் தெரியவில்லை.
மூன்று தடவை ஒன்றைத் தொட்டார்,
எதை என்று நான் பார்க்கவில்லை.
நாலாவது தடவை கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.
நடு முகம் ஒளிர்ந்தது.

கடைசிச் சுற்று தாள்.
வரிசையை நானாகவே கலைத்தேன், அது தப்பு, தெரியும்.
சம்பளம் வந்து எத்தனை நாளாச்சு?
போன ஜூலையில் சாரத்தில் மயங்கி விழுந்தது யார்?
அப்புறம்தான் பதினேழு.

வெகுநேரம் பேசவில்லை.
சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து
திரும்பவும் பைக்குள்ளேயே வைத்தார்.
"மொதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமே தம்பி."
எண் எதுவும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நாலையும் அடுக்கிப் பார்த்தார்கள்.
ஐந்து. நான்கு. மூன்று. வெற்று.
வெற்றை நீக்கிவிட்டால்
சராசரி நான்கு.
'திருப்தி' என்று அச்சாகி வந்தது,
வழவழத்தாளில், ஒரு பேரீச்சை மரப் படத்துக்குக் கீழே.

அன்றிரவு வீட்டிலிருந்து அழைப்பு.
எப்படி இருக்கீங்க?
நல்லா இருக்கேன்.
ஒரு நொடி சத்தமே இல்லை.
பிறகு அவள்
வீடியோவுக்கு மாற்றினாள்.

குழல்விளக்கின் அடியிலிருந்து
கொஞ்சம் தள்ளி
உட்கார்ந்துகொண்டேன்.