படிவத்தில் இல்லாத கட்டம்

"நுரையீரலைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும்"
என்றார் மாக்கோட்ஸோ.
ஜூலை. மசேருவில்
குழாய்க்குள் தண்ணீர் உறைந்துபோன காலை.
நெஞ்சில் ஊக்கு குத்திய கம்பளியோடு
என் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.
தலைக்கு மேல் 'விசாரணை' என்று பலகை தொங்குகிறது.
எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள்,
காவல் நிலையத்தில் நிற்பதுபோல.

நுரையீரல், மூன்றாம் அலமாரி.
கைநீட்டிக் காட்டியிருந்தால்
அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.
மாதாந்தரப் படிவத்தில் ஒரு கோடு:
பதில் அளிக்கப்பட்டது.
கேள்வி ஒன்றுக்கு ஐந்து நிமிடம்
என்கிறது சேவை மேம்பாட்டுச் சுற்றறிக்கை.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
"யாருடைய நுரையீரல், அம்மா?"

முதலில் வரும் கேள்வி
கதவைத் தட்டிப் பார்க்கும் விரல்.
ஆள் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்.

கணவருடையது.
எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கம்.
இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர்.
கம்பெனி இரண்டு முறை கைமாறி,
இரண்டு முறை பெயர் மாறி,
பிறகு பெயரே இல்லாமல் போனது.
அவர் அங்கே வேலை பார்த்ததற்கு
அத்தாட்சி கேட்கிறார்களாம் இழப்பீட்டு அலுவலகத்தில்.
புத்தகத்தில் நோயின் படம் இருந்தால்
காட்டலாம், நம்புவார்கள் என்று
மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்.

எங்கள் அலமாரியில் இல்லை.
புளூம்ஃபொன்டைனில் இல்லை.
ஜொஹன்னஸ்பர்க் பதிலே போடவில்லை.
கடைசியில் ரெட்ரூத்துக்கு எழுதினேன்,
கார்ன்வாலில் ஒரு சின்ன ஊர்.
கம்பெனியின் பழைய இன்ஜினியர்கள் அந்த ஊர்க்காரர்கள்;
செத்தவர் வீட்டுப் பெட்டிகள்
அந்த நூலகத்தில் வந்து சேரும்.
என் மேசை மூடிய பிறகும்
ஒரு மணி நேரம் திறந்திருக்கும் மேசை அது.
அங்கே உட்கார்ந்திருப்பவர் வென்னா டிரெவாஸ்கிஸ்.

ஏழாம் வாரம் எழுதினார்: கிடைக்கவில்லை.
அதன் கீழே, தேடிய இடங்கள்:
சம்பளப் பேரேடு, நனைந்து ஒட்டிப்போனது.
மருத்துவப் பரிசோதனைத் தாள்கள், 'எம்' எழுத்தே காணோம்.
பெட்டி பதினான்கு, வெறும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.
எனக்கு எத்தனையோ 'இல்லை' வந்திருக்கிறது;
முழங்கை வரை தூசியோடு வந்தது இதுதான்.
கடைசி வரி:
விளக்கறைப் பதிவேடு ஒன்று இருக்கிறது.
அதில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான்.
அவருடைய எண் தெரியுமா?

செசோத்தோவில் சொன்னேன்.
மாக்கோட்ஸோ வாசலைப் பார்த்தார்.
பலகையைப் பார்த்தார்.
கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார்.
பித்தளை வில்லை. 4417.
விளக்கை வாங்கக் கொடுப்பது,
விளக்கைக் கொடுத்தால் திரும்பக் கிடைப்பது.
கடைசி நாளில் ஒப்படைக்காமல்
சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.
கம்பெனிச் சொத்து; கேட்டு வருவார்கள் என்று
இருபத்தாறு வருடம் மாவுப் பானைக்குள் வைத்திருந்தார்.

பதினோராம் வாரம் பக்கங்கள் வந்தன.
எண். இறங்கிய நேரம். ஏறிய நேரம்.
அலுவலகம் இதை ஏற்குமா, தெரியாது.
நேற்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

"வாசி" என்றார்.
வாசித்தேன். காலை நான்கு ஐம்பது, மாலை மூன்று இருபது.
காலை நான்கு ஐம்பது, மாலை மூன்று பதினைந்து.
கம்பளிக்குள் அவர் விரல்கள்
ஒவ்வொரு ஏற்றத்தையும் எண்ணிக்கொண்டிருந்தன.
மே ஒன்பது. காலை நான்கு ஐம்பது.
ஏறியது: பதினொன்றாம் தேதி, விடியுமுன்.

"மறுபடி வாசி."
வாசித்தேன்.
"அந்த இரண்டு இரவைப் பற்றி
அவர் வாயே திறந்ததில்லை."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
அளிக்கப்பட்டது. அளிக்கப்படவில்லை.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
வென்னாவுக்குத் தட்டச்சு செய்தேன்:
மே ஒன்பதாம் தேதி கீழே என்ன நடந்தது?
கேட்பவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.