இடைவெளியைக் கூட்டு

காலை ஏழுக்குக் கோபுரம் ஏறினேன்.
எதிர்க்கரையைக் காணோம்.
சால்மன் பண்ணையின் மிதவைகளைக் காணோம்.
சிலோயேப் பனி
என் கையுறையையே பாதிதான் விட்டுவைத்திருந்தது.

நேற்று வானம் துடைத்த தட்டு.
நான் விட்ட லேசர்த் துடிப்பு ஒவ்வொன்றும்
அக்கரைத் திரையில் நாய்ப்பல்லாய் எழுந்தது.
பல் என்றால் ஒன்று, வெறும் ஈறு என்றால் சுழியம்.
வேறு எழுத்தில்லை எங்கள் பாஷைக்கு.

இன்றும் புறப்பட்டது பல்தான்.
தொள்ளாயிரம் மீட்டர்,
வழி நெடுக நீர்த்துளி.
ஒன்றில் இடறி, சற்றே விலகி,
அடுத்ததில் இடறி,
பாதி ஒளி கடலுக்கு, கொஞ்சம் என் முகத்துக்கே,
மிச்சம்
ஆளுக்கொரு சுற்றுவழியில்
முன்னும் பின்னுமாய் அக்கரைக்கு.

இங்கே வீட்டையே இடம் மாற்றுவோம்,
ஊர் கூடி, எருதுகள் பூட்டி, கயிறு கட்டி.
ஒரே கூச்சலுக்கு எல்லோரும் இழுத்தால் வீடு நகரும்.
நீ இப்போது, நான் பிறகு என்று இழுத்தால்
வியர்வை அதே வியர்வைதான்,
வீடு சேற்றில்.

வானொலியில் லிசாந்த்ரோ பர்ரியா:
"பல் இல்லை நோல்ஃபா, மேடுகள்தான்.
ஒன்றின் வால் அடுத்ததன் தலைமேல் கிடக்கிறது.
சக்தியைக் கூட்டேன்."
கூட்டினேன்.
மேடு உயர்ந்தது.
வாலும் உயர்ந்தது.

கீழே சிகிச்சை அறையில் ஒதிலியா.
முப்பத்தோராவது வாரம், குழந்தை குறுக்கே கிடக்கிறது.
படத்தைப் பார்க்க வேண்டிய டாக்டர் அக்கரையில்.
படகுக்காரன் பனியைப் பார்த்துவிட்டு
அடுப்புக்கு இன்னொரு விறகு வைத்துவிட்டான்.

சரி, வேகத்தைக் குறைத்தேன்.
பதினாறில் ஒரு பங்கு.
ஒரு துடிப்பு.
பொறு.
சுற்றிப் போனதெல்லாம் வந்து சேரட்டும்,
கடைசி நொண்டியும் வரட்டும்.
இப்போது அடுத்தது.

காத்திருக்கையில்தான் உறைத்தது:
அனுப்பிக்கொண்டிருக்கிற படமே
சிதறலில் பிறந்ததுதானே.
வயிற்றுக்குள் போன ஒலி
எலும்பில் மோதி, சதையில் மோதி,
திரும்பி வந்த கொஞ்சத்தில்தான் அந்தக் குழந்தை.
காலையிலிருந்து நான் எதைத் திட்டிக்கொண்டிருக்கிறேனோ
அதுதான் அதை வரைந்திருக்கிறது.
இருந்தும் திட்டுவதை நிறுத்தவில்லை.
குளிர் அப்படி.

"வருகிறது," என்றான் லிசாந்த்ரோ.
"சாம்பல் நிறம்… வரி வரியாய்…
முதுகெலும்பு மாதிரி ஒன்று, மணி கோத்ததுபோல."
"தலை?"
"தெரியவில்லை. இன்னும் நாற்பது வரி இருக்கிறது."

குடுவையில் மாத்தே ஆறிப்போயிருந்தது.
குடித்தேன்.
இன்னும் முப்பத்தெட்டு.